ஒரே ஒரு டிரான்சிஸ்டர்: கித்தாருக்கு ஒரு பூஸ்டர் செய்வோம்



ஆசிரியர் தினக் கொண்டாட்டத்துக்கு மூன்று வாரங்கள் இருக்கும்போது, எங்கள் பள்ளிப் படிவம் நான்கு மாணவன் ஒருவன் அறிவியல் கூடத்துக்கு வந்து தயங்கி நின்றான். அண்ணன் வாங்கி வைத்திருந்த பழைய மின்சாரக் கித்தார்தான் அவனுடையது. பள்ளி இசைக்குழுவில் அவன் வாசிக்கிறான். “சார், பாட்டுக்கு நடுவுல நான் மட்டும் தனியா வாசிக்கிற இடம் ஒன்னு இருக்கு. அது யாருக்குமே கேட்கல. டிரம்ஸ் சத்தத்துல போயிடுது” என்றான்.

“ஒலிபெருக்கியைக் கூட்டி வைக்க வேண்டியதுதானே?”

“அப்படி வச்சா பாட்டு முழுக்க என் சத்தம்தான் சார் கேட்கும். மத்தவங்க திட்டுறாங்க.”

அவன் சொன்னது சரிதான். அவனுக்குத் தேவைப்பட்டது, வேண்டிய இடத்தில் மட்டும் காலால் ஓர் அழுத்து அழுத்தினால் ஒலி எகிற வேண்டும். மறுபடி அழுத்தினால் பழைய நிலைக்கு வர வேண்டும். இதைச் செய்யும் சின்னப் பெட்டிக்கு ‘பூஸ்டர் பெடல்’ என்று பெயர். கடையில் விலை கேட்டு வந்திருந்தான். வீட்டில் கேட்க மனமில்லை. “நாமே செய்வோமா?” என்றேன். “எனக்கு அறிவியலே வராது சார்” என்று உடனே பதில் வந்தது.

இந்த வாரம் அந்தப் பெட்டியை உங்களோடு சேர்ந்து செய்யப் போகிறோம். அதில் இருப்பது ஒரே ஒரு டிரான்சிஸ்டர், ஐந்து மின்தடைகள், இரண்டு மின்தேக்கிகள், ஒரு குமிழ், 9 வோல்ட் பேட்டரி. படிவம் ஐந்து இயற்பியலில் நீங்கள் படிக்கும் மின்காந்தத் தூண்டலும் மின்னணுவியலும் இதற்குள் அடங்கிவிடும்.

கித்தாரிலிருந்து வருவது என்ன?

மின்சாரக் கித்தாரின் கம்பிகளுக்குக் கீழே ‘பிக்கப்’ என்ற பகுதி இருக்கிறது. உள்ளே காந்தம், அதைச் சுற்றித் தலைமுடி போன்ற மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள். மேலே இருக்கும் எஃகுக் கம்பியை மீட்டினால் அது அதிரும். அதனோடு சேர்ந்து காந்தப் புலமும் மாறும். புலம் மாறினால் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். 1831-ஆம் ஆண்டு மைக்கல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இதுதான். நைலான் கம்பி போட்டால் பிக்கப் ஊமையாகிவிடுவதற்கும் இதுவே காரணம். நைலானுக்குக் காந்தத்தோடு உறவில்லை.

பிறக்கும் மின்னழுத்தம் எவ்வளவு? சாதாரணமாக 0.1 முதல் 0.2 வோல்ட் வரை. பலமாக அடித்தால் இன்னும் கூடும். கம்பி எத்தனை முறை அதிர்கிறதோ அத்தனை முறை இந்த மின்னழுத்தமும் மேலும் கீழும் ஆடும். கித்தாரின் மிகத் தடித்த கம்பி நொடிக்கு ஏறக்குறைய 82 முறை, மிக மெல்லிய கம்பி ஏறக்குறைய 330 முறை அதிர்கிறது.

ஆக, நம் வேலை இதுதான்: இந்தச் சின்ன ஆட்டத்தை, அதன் வடிவம் கெடாமல் பெரிய ஆட்டமாக்க வேண்டும்.

சின்ன வால்வு, பெரிய தண்ணீர்

டிரான்சிஸ்டர் 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. அதற்காக ஜான் பார்டீன், வால்டர் பிராட்டேன், வில்லியம் ஷாக்லி மூவரும் 1956-இல் நோபல் பரிசு பெற்றனர். அதற்கு மூன்று கால்கள்: பேஸ், கலெக்டர், எமிட்டர். உங்கள் மலாய்ப் பாடநூலில் தாப்பாக், பெங்கும்புல், பெங்கெலுவார் என்று இருப்பவை இவைதாம்.

வீட்டுத் தண்ணீர்க் குழாயை நினைத்துப் பாருங்கள். கைப்பிடியைத் திருப்ப உங்கள் விரலின் சிறு பலம் போதும். ஆனால் குழாயில் ஓடும் தண்ணீரின் பலம் உங்கள் விரலுடையது அன்று, மேலே இருக்கும் தொட்டியுடையது. டிரான்சிஸ்டரும் அப்படித்தான். பேஸில் நுழையும் சின்ன மின்னோட்டம் கைப்பிடி. கலெக்டரிலிருந்து எமிட்டருக்கு ஓடும் பெரிய மின்னோட்டம் தண்ணீர். தொட்டி நம் பேட்டரி. டிரான்சிஸ்டர் சக்தியை உண்டாக்குவதில்லை. பேட்டரியின் சக்தியைக் கித்தார் சொல்கிறபடி திறந்து மூடுகிறது.

நாம் செய்யப்போகும் சுற்று புதிதன்று. 1960களின் இறுதியில் நியூயார்க்கில் மைக் மேத்யூஸ் என்பவர் ‘எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அவருக்காகப் பெல் ஆய்வகப் பொறியாளர் பாப் மையர் வேறொரு கருவியை வடிவமைத்துக்கொண்டிருந்தார். அதைச் சோதிக்கும்போது கித்தாரின் குறிகை போதவில்லை என்று, முன்னால் ஒரே ஒரு டிரான்சிஸ்டர் கொண்ட சிறு பெட்டி ஒன்றையும் செருகி வைத்திருந்தார். மேத்யூஸின் கண் அந்தச் சிறு பெட்டியின் மேல்தான் விழுந்தது. அது ‘எல்.பி.பி-1’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. உலகெங்கும் பெடல் செய்யத் தொடங்குபவர்கள் பலரின் முதல் சுற்று இன்றுவரை இதுதான். நாமும் அதன் அமைப்பையே பின்பற்றுவோம்.

வாங்க வேண்டியவை

கோலாலம்பூரில் இருப்பவர்கள் ஜாலான் பாசார் கடைகளிலும், சிங்கப்பூரில் இருப்பவர்கள் சிம் லிம் டவரிலும் இவற்றைக் கேட்கலாம். மற்ற ஊர்களில் மின்னணு உதிரிபாகக் கடைகள் இருக்கும். பெட்டியும் மிதி சுவிட்சும் சேராமல் எங்களுக்கு 30 ரிங்கிட்டுக்குள் அடங்கியது.

1. டிரான்சிஸ்டர், 2என்5088 – ஒன்று. கிடைக்காவிட்டால் 2என்3904.
2. மின்தடைகள், ஒவ்வொன்றிலும் ஒன்று. நான்கு வண்ணப் பட்டை உள்ளவற்றில் முதல் மூன்று பட்டைகள் இப்படி இருக்கும்:
390 ஓம் – ஆரஞ்சு, வெள்ளை, பழுப்பு
10 கிலோ ஓம் – பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு
47 கிலோ ஓம் – மஞ்சள், ஊதா, ஆரஞ்சு
470 கிலோ ஓம் – மஞ்சள், ஊதா, மஞ்சள்
1 மெகா ஓம் – பழுப்பு, கறுப்பு, பச்சை
3. மின்தேக்கி, 0.1 மைக்ரோஃபாரட் – இரண்டு. மேலே ‘104’ என்று அச்சிட்டிருக்கும். 10-க்குப் பின் நான்கு சுழிகள், அதாவது 1,00,000 பிக்கோஃபாரட் என்று பொருள்.
4. 100 கிலோ ஓம் குமிழ், ‘ஏ’ வகை – ஒன்று. வானொலியில் ஒலியைக் கூட்டக் குறைக்கத் திருகுவோமே, அதே மாதிரி.
5. கித்தார் கேபிள் நுழையும் 6.35 மில்லிமீட்டர் ஜாக் – இரண்டு.
6. 9 வோல்ட் பேட்டரியும் அதன் கவ்வியும், பிரெட்போர்டு, இணைப்புக் கம்பிகள், மல்டிமீட்டர்.

ஓர் எச்சரிக்கை. 2என்5088, 2என்3904 இரண்டிலும் தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், இடமிருந்து வலமாக எமிட்டர், பேஸ், கலெக்டர். கடைக்காரர் “இதுவும் ஒன்னுதான்” என்று பி.சி.547 கொடுக்கக்கூடும். அதுவும் வேலை செய்யும். ஆனால் அதில் வரிசை தலைகீழ்: கலெக்டர், பேஸ், எமிட்டர். பார்த்துச் செருகுங்கள்.

இணைக்கும் முறை

பிரெட்போர்டில் குறுக்கே ஒரே வரிசையில் உள்ள ஐந்து துளைகள் உள்ளுக்குள் ஒன்றாக இணைந்தவை. ஓரத்தில் நீளவாக்கில் ஓடும் கோடுகள் பேட்டரிக்கானவை. பேட்டரியை இப்போது மாட்டாதீர்கள். கடைசியில்தான்.

முதலில் டிரான்சிஸ்டரின் மூன்று கால்களையும் மூன்று தனி வரிசைகளில் செருகுங்கள். பிறகு:

எமிட்டரிலிருந்து 390 ஓம் மின்தடை, மறுமுனை கழித்தல் கோட்டுக்கு.

கலெக்டரிலிருந்து 10 கிலோ ஓம், மறுமுனை கூட்டல் கோட்டுக்கு.

பேஸிலிருந்து 470 கிலோ ஓம் கூட்டல் கோட்டுக்கு. அதே பேஸிலிருந்து 47 கிலோ ஓம் கழித்தல் கோட்டுக்கு.

ஒரு மின்தேக்கியின் ஒரு கால் பேஸுக்கு. மறுகால் ஒரு காலி வரிசைக்கு. அந்த வரிசையில்தான் கித்தார் வரும். உள்ளீட்டு ஜாக்கின் முனைத்தகட்டை அங்கே இணையுங்கள். அதே வரிசையிலிருந்து 1 மெகா ஓம் மின்தடை கழித்தல் கோட்டுக்கு.

இரண்டாவது மின்தேக்கியின் ஒரு கால் கலெக்டருக்கு. மறுகால் குமிழின் ஓரக் கால் ஒன்றுக்கு. குமிழின் மற்ற ஓரக் கால் கழித்தல் கோட்டுக்கு. நடுக்கால் வெளியீட்டு ஜாக்கின் முனைத்தகட்டுக்கு.

இரு ஜாக்குகளின் உறைத்தகடுகளும் கழித்தல் கோட்டுக்கு.

இவ்வளவுதான். குமிழைத் திருகும்போது ஒலி கூடுவதற்குப் பதிலாகக் குறைந்தால், அதன் இரு ஓரக் கால்களையும் இடம் மாற்றுங்கள்.

எந்தப் பாகம் எதற்கு?

பாகங்களைச் செருகியதோடு நின்றுவிட்டால் இது சமையல் குறிப்பு மாதிரி ஆகிவிடும். ஒவ்வொன்றும் ஏன் இருக்கிறது என்று பார்ப்போம். உங்களுக்குத் தேவையான கணக்கு ஓமின் விதி மட்டுமே.

கித்தாரின் குறிகை சுழிக்கு மேலும் கீழும் ஆடுகிறது. ஆனால் டிரான்சிஸ்டர் பேஸில் ஏறக்குறைய 0.6 வோல்ட் இருந்தால்தான் விழிக்கும். அதனால் முன்கூட்டியே பேஸைக் கொஞ்சம் உயர்த்தி வைக்க வேண்டும். குழாயைப் பாதி திறந்து வைப்பது மாதிரி. பாதி திறந்திருந்தால்தான் கூட்டவும் முடியும், குறைக்கவும் முடியும். 470 கிலோ ஓமும் 47 கிலோ ஓமும் சேர்ந்து செய்யும் வேலை அது. 9 வோல்ட்டை அவை பங்கு பிரிக்கின்றன. 9-ஐ 47-ஆல் பெருக்கி 517-ஆல் வகுத்தால் 0.82 வோல்ட்.

அதில் 0.6 வோல்ட்டை பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே டிரான்சிஸ்டர் எடுத்துக்கொள்ளும். எமிட்டரில் மிஞ்சுவது ஏறக்குறைய 0.2 வோல்ட். இதை 390 ஓமால் வகுத்தால் 0.5 மில்லிஅம்பியர். ஏறக்குறைய இதே மின்னோட்டம்தான் 10 கிலோ ஓம் வழியாகவும் இறங்கி வருகிறது. அங்கே விழும் மின்னழுத்தம் 0.5 மில்லிஅம்பியர் பெருக்கல் 10 கிலோ ஓம், அதாவது 5 வோல்ட். 9-இல் 5 போனால் கலெக்டரில் 4 வோல்ட். பேஸ் தானும் ஒரு துளி மின்னோட்டம் எடுத்துக்கொள்வதால் உண்மையில் அளக்கும்போது 4 முதல் 6 வோல்ட்டுக்குள் வரும். அதாவது பேட்டரியின் நடுப்பகுதி. மேலே போகவும் இடம் உண்டு, கீழே வரவும் இடம் உண்டு.

இப்போது கம்பியை மீட்டுங்கள். பேஸ் 0.1 வோல்ட் உயர்ந்ததாக வைத்துக்கொள்வோம். எமிட்டர் வழியில் 390 ஓமோடு டிரான்சிஸ்டரின் உள்ளேயே ஓர் ஐம்பது, அறுபது ஓம் தடை இருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 450 ஓம். 0.1 வகுத்தல் 450, மின்னோட்டம் 0.22 மில்லிஅம்பியர் கூடும். அந்த 0.22, 10 கிலோ ஓமில் 2.2 வோல்ட்டாகத் தெரியும். உள்ளே 0.1, வெளியே 2.2: இருபத்திரண்டு மடங்கு! வெளியே இணைத்த குமிழும் கொஞ்சம் இழுத்துக்கொள்வதால் இருபது மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஒலியியலில் இதை 26 டெசிபல் என்பார்கள். பேஸ் ஏறும்போது கலெக்டர் இறங்குகிறது என்பதையும் கவனியுங்கள். அலை தலைகீழாக வெளிவருகிறது. காதுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

மின்தேக்கிகள் எதற்கு? நாம் பாடுபட்டு அமைத்த 0.8 வோல்ட்டும் 4 வோல்ட்டும் நேர்மின்னழுத்தங்கள். அவை கித்தாருக்குள்ளோ ஒலிபெருக்கிக்குள்ளோ போகக் கூடாது. ஆடும் குறிகை மட்டும் போக வேண்டும். மின்தேக்கி நேர்மின்னோட்டத்தைத் தடுத்து, மாறுமின்னோட்டத்தை விடும் வாயிற்காவலர். 0.1 மைக்ரோஃபாரட் என்ற அளவில், நொடிக்கு ஏறக்குறைய 50 அதிர்வுக்குக் கீழ்ப்பட்டவை மெலியத் தொடங்கும். நம் தடித்த கம்பியின் 82 அதற்கு மேலே பத்திரமாக இருக்கிறது.

மல்டிமீட்டர் இல்லாமல் தொடங்காதீர்கள்

எங்கள் கதைக்கு வருகிறேன். அந்த மாணவன் இரண்டு சனிக்கிழமைகள் உட்கார்ந்து எல்லாவற்றையும் செருகினான். பேட்டரியை மாட்டினான். கித்தாரை மீட்டினான். சத்தமே இல்லை. கம்பிகளை ஆட்டிப் பார்த்தான். டிரான்சிஸ்டரை மாற்றினான். மறுபடியும் இல்லை. “நான்தான் சொன்னேனே சார்” என்று எழுந்துவிட்டான்.

உண்மையைச் சொன்னால், எனக்கும் ஒரு கணம் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து செருகலாம் என்றுதான் தோன்றியது. அப்படிச் செய்திருந்தால் தவறு எங்கே என்று எங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும். “உட்கார். ஊகிக்க வேண்டாம், அளப்போம்” என்றேன்.

மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் கழித்தல் பக்கம் வைத்துக்கொண்டு ஒவ்வோர் இடமாகத் தொட்டோம். பேட்டரி: 9.3 வோல்ட். நல்லது. பேஸ்: 0.84. கணக்குப்படி வந்திருக்கிறது, ஆகவே 470-உம் 47-உம் சரி. கலெக்டர்: 9.3.

அங்கே நிறுத்தினேன். “கலெக்டரில் 9.3 என்றால், 10 கிலோ ஓமில் எவ்வளவு விழுந்திருக்கிறது?”

கொஞ்சம் யோசித்தான். “ஒன்னும் விழல சார்.”

“ஒன்றும் விழவில்லை என்றால்?”

“மின்னோட்டமே ஓடல.” பிறகு அவனே தொடர்ந்தான்: “பேஸ் சரியா இருக்கு. அப்புறமும் ஓடலன்னா, கீழே போற வழி அடைஞ்சிருக்கு. எமிட்டர் பக்கம்தான் சார்.”

390 ஓம் மின்தடையின் கீழ்முனைக்கும் பேட்டரியின் கழித்தலுக்கும் நடுவே இணைப்பு இருக்கிறதா என்று சோதித்தோம். பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் இந்தச் சோதனை செய்ய வேண்டும். மீட்டர் ஒலி எழுப்பவில்லை. பிரெட்போர்டை உற்றுப் பார்த்தால், ஓரத்தில் ஓடிய நீலக் கோடு நடுவில் ஒரு விரல்நுனி அளவு விட்டுப்போயிருந்தது. நீளமான சில பிரெட்போர்டுகளில் பேட்டரிக் கோடுகள் நடுவில் துண்டாகவே இருக்கும். அவன் 390 ஓமைச் செருகியது, பேட்டரி தொடாத மறுபாதியில்!

இரு பாதிகளையும் ஒரு சின்னக் கம்பியால் இணைத்தான். மறுபடி அளந்தான். கலெக்டர் 4.7 வோல்ட். கித்தாரை மீட்டினான். பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கேட்டது.

தவறு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. அதைக் காட்டிக் கொடுத்தது ஓர் எண். வகுப்பில் ‘டிரான்சிஸ்டர் ஒரு மின்னோட்டப் பெருக்கி’ என்று அவன் மனப்பாடம் செய்திருந்த வரி அன்றைக்குத்தான் அவனுக்குப் புரிந்தது. உங்களுக்கும் சத்தம் வராவிட்டால், கீழே உள்ளபடி அளந்து பாருங்கள்.

பேஸில் சுழி: 470 கிலோ ஓம் சரியாகச் செருகப்படவில்லை, அல்லது கூட்டல் கோட்டில் மின்சாரம் இல்லை.

பேஸ் சரி, கலெக்டரில் முழுப் பேட்டரி மின்னழுத்தம்: எங்களுக்கு நேர்ந்ததுதான். எமிட்டர் வழி அறுந்திருக்கிறது.

கலெக்டரில் 1 வோல்ட்டுக்கும் கீழே: டிரான்சிஸ்டர் முழுதாகத் திறந்துகொண்டது. 47 கிலோ ஓமைப் பாருங்கள், அது கழன்றிருக்கலாம். 

மூன்று எண்களும் சரி, ஆனாலும் சத்தம் இல்லை: டிரான்சிஸ்டரில் குறை இல்லை. ஜாக், குமிழ், கேபிள் மூன்றில் ஒன்றில் இருக்கிறது.

பெட்டிக்குள் போகட்டும்

பிரெட்போர்டில் வேலை செய்த பிறகுதான் பற்றவைக்க வேண்டும். பற்றாசு ஏறக்குறைய 190 பாகை செல்சியஸில் உருகும். பற்றவைக்கும் கோலின் முனை அதைவிட மிகவும் சூடு. ஆகவே ஆசிரியரோ பெரியவர்களோ பக்கத்தில் இருக்கட்டும். கண்ணாடி அணியுங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள். ஈயம் கலந்த பற்றாசு என்றால், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள். முக்கியமாக, இந்தப் பெட்டிக்கு 9 வோல்ட் பேட்டரி மட்டுமே. சுவர் மின்சாரத்தில் இயங்கும் ஒலிபெருக்கியை ஒருபோதும் திறக்காதீர்கள். அதற்குள் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் இருக்கும்.

பெட்டி உலோகமாக இருப்பது நல்லது. பிரெட்போர்டில் வாசிக்கும்போது பின்னணியில் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் கேட்டிருக்குமே? நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை மேலும் கீழும் ஆடுகிறது. சுவரில் ஓடும் கம்பிகளிலிருந்து அந்த ஆட்டம் நம் சுற்றிலும் தொற்றிக்கொள்கிறது. அதையும் நாம் இருபது மடங்கு பெருக்குகிறோம்! சுற்றை உலோகப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைக் கழித்தல் பக்கத்தோடு இணைத்தால் பெரும்பகுதி அடங்கிவிடும். 1836-இல் இந்தக் கூண்டு விளைவைச் செய்து காட்டியவரும் அதே ஃபாரடேதான்.

காலால் அழுத்த ஆறு கால் கொண்ட மிதி சுவிட்சு வேண்டும். மூன்று மூன்றாக இரண்டு வரிசை. நடுக்கால்கள் இரண்டையும் இரு ஜாக்குகளின் முனைத்தகடுகளுக்கு இணையுங்கள். ஒரு பக்கத்து இரு கால்களைச் சுற்றின் உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் இணையுங்கள். மறுபக்கத்து இரு கால்களை ஒரு கம்பியால் ஒன்றோடொன்று இணையுங்கள். ஒரு மிதியில் குறிகை சுற்றின் வழியாகப் போகும். மறுமிதியில் சுற்றைத் தொடாமல் நேராகப் போகும். உள்ளீட்டில் வைத்த 1 மெகா ஓம் இங்கேதான் பயன்படுகிறது. மின்தேக்கியில் தேங்கும் மின்னூட்டத்தை அது வடித்துவிடுவதால், மிதிக்கும்போது ‘டப்’ என்ற சத்தம் குறையும்.

பேட்டரி எவ்வளவு நாள் வரும்? சுற்று எடுப்பது 0.5 மில்லிஅம்பியர். ஒரு 9 வோல்ட் அல்கலைன் பேட்டரியில் ஏறக்குறைய 500 மில்லிஅம்பியர்-மணி இருக்கும். வகுத்துப் பாருங்கள்: 1,000 மணி நேரம். ஆனால் மறந்துபோய் மாட்டியே வைத்திருந்தால் ஆறு வாரத்தில் தீர்ந்துவிடும். இதற்கு ஒரு சின்ன உத்தி உண்டு. உள்ளீட்டுக்கு மட்டும் மூன்று தகடு கொண்ட ஸ்டீரியோ ஜாக் வாங்கி, பேட்டரியின் கழித்தல் கம்பியை அதன் நடுத்தகட்டில் இணையுங்கள். கித்தார் கேபிளைச் செருகும்போது அதன் உலோகத் தண்டு நடுத்தகட்டையும் உறைத்தகட்டையும் ஒன்றாகத் தொடும், மின்சுற்று நிறைவாகும். கேபிளைப் பிடுங்கினால் பேட்டரி ஓய்வெடுக்கும்.

குமிழை முழுக்கத் திருகினால்?

ஒலி கூடுவதோடு கரகரப்பும் சேரும். காரணம் எளிது. 0.2 வோல்ட் குறிகையை இருபது மடங்காக்கினால் 4 வோல்ட். நம் கலெக்டருக்கு மேலே ஏறவும் கீழே இறங்கவும் ஏறக்குறைய அவ்வளவுதான் இடம் இருக்கிறது. அதைவிடப் பலமாக மீட்டினால் அலையின் உச்சி பேட்டரியின் கூரையில் முட்டித் தட்டையாகிவிடும். ஒலிபெருக்கியின் உள்ளீடும் இவ்வளவு பெரிய குறிகையைத் தாங்காமல் அப்படியே செய்யும். பாடப்புத்தகத்தில் இது உருத்திரிபு, ஒரு குறை. ராக் இசைக் கலைஞர்களுக்கோ அதுதான் வேண்டும்!

காதுகளை மறக்காதீர்கள். சோதிக்கும்போது ஒலிபெருக்கியையும் குமிழையும் சுழியில் வைத்துத் தொடங்கி, மெல்ல மெல்லக் கூட்டுங்கள். 

இந்தச் சுற்றுக்கும் ஒரு குறை உண்டு. இதன் உள்ளீட்டுத் தடை ஏறக்குறைய 30 கிலோ ஓம்தான். கித்தார் பிக்கப்புக்கு இது சற்றுப் பாரம். கம்பியின் ‘கிணுகிணு’ என்ற உச்ச ஒலிகள் கொஞ்சம் மங்கும். அதை எப்படிச் சரிசெய்வது என்று தேடத் தொடங்கினால் அடுத்த சுற்றுக்குப் போய்விடுவீர்கள்.

அதற்கு முன் ஒரு பயிற்சி. 390 ஓமுக்குப் பதிலாக 1 கிலோ ஓம் போட்டால் கலெக்டரில் எத்தனை வோல்ட் வரும்? குறிகை எத்தனை மடங்காகும்? முதலில் தாளில் கணக்குப் போடுங்கள். பிறகு மாற்றிச் செருகி அளந்து பாருங்கள். டிரான்சிஸ்டரின் உள்தடை இப்போது 130 ஓம் அளவுக்கு உயரும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

ஆசிரியர் தினத்தன்று அந்த மாணவன் தன் இடம் வந்ததும் பெட்டியை மிதித்தான். மண்டபத்தின் கடைசி வரிசையில் நின்றிருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஆனால் எனக்கு அதைவிட மகிழ்ச்சி தந்தது அடுத்த வாரம் நடந்தது. படிவம் இரண்டு மாணவி ஒருத்தி, எரியாத விளக்குச் சுற்று ஒன்றை அவனிடம் கொண்டுவந்து, “அண்ணா, இது கெட்டுப்போச்சு” என்றாள். அவன் ஒரு கம்பியையும் ஆட்டிப் பார்க்கவில்லை. அலமாரியைத் திறந்து மல்டிமீட்டரை எடுத்து அவள் கையில் கொடுத்தான். “முதல்ல பேட்டரியில இருந்து அளந்துகிட்டு வா” என்றான்.